காப்பிக்கொட்டையை யார் வறுக்கிறது?

போன சித்திரையில எங்க வீட்டுக்கு ஒரு மெஷின் வந்து இறங்கிச்சு. பார்க்க சின்ன கிரைண்டர் மாதிரி இருக்கும். உள்ளே ஸ்டீல் உருளை, அதைச் சுத்த ஒரு மோட்டார், கீழே சூடேறும் காயில். ஒரு ஈடுக்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை வறுக்கலாம். பெங்களூர்ல வேலை பார்க்கிற மகன் பாதிப் பணம் போட்டான், மீதி நான் மஞ்சள் வித்த காசு. வீட்டுக்காரி ஒரு வாரம் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. "கேவுரு களி திங்கிற வீட்டுக்குக் காப்பி மிஷின் எதுக்கு?"ன்னு ஒரே கேள்வி.

நியாயமான கேள்விதான். நான் பத்தாவதோட நின்னவன். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் லைப்ரரியிலயும் போன்லயும் நிறையப் படிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. காப்பியோட கதையே, கொட்டையை யார் வறுக்கிறது என்கிற கதைதான்.

விவசாயிக்கு ஒரு விஷயம் சொல்லித் தரவேண்டியதில்லை: வறுத்த விதை முளைக்காது. ஏமன் நாட்டு அரபு வியாபாரிகளுக்கும் இது தெரியும். மோக்கா துறைமுகம் வழியா வெளியே போன கொட்டையை வறுத்தோ வேகவைத்தோதான் விட்டார்கள், வேறு நாட்டில் செடி வந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள். 1670 வாக்கில் மெக்கா போய்த் திரும்பிய பாபா புடான் என்ற சூஃபி பெரியவர் ஏழு பச்சைக் கொட்டையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் பக்கத்து மலையில் நட்டார் என்பது வழிவழியா வரும் கதை. அந்த மலைக்கு இன்னைக்கும் பாபா புடான்கிரின்னுதான் பேர். ஏழு கொட்டை கதை எவ்வளவு நிஜமோ, பச்சைக் கொட்டை கைக்கு வந்தவன்தான் தோட்டம் போட முடியும் என்பது நிஜம்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1792ல் திப்பு சுல்தானோட நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்காரன் கைக்குப் போச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். அப்புறம் நாங்க சேலம் ஜில்லாவோட இருந்தோம், 1965ல்தான் தருமபுரி தனி மாவட்டம். அந்தச் சேலம் ஜில்லாவுக்கு 1820களில் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரைதான் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், காப்பிச் செடி வைக்க வழி செய்தவர். பேரிக்காயும் அவர் காலத்தில் வந்ததுதான். ஏற்காட்டுக் காப்பிக்கு இருநூறு வயசு ஆகப் போகுது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் நின்னு பார்த்தால் அந்த மலை கைக்கு எட்டுற மாதிரி நிற்கும். ஆனா காப்பி கீழே இருந்த எங்க பாட்டன் பூட்டன் வாய்க்கு எட்டலை.

ஏன்னா மலையில் விளைஞ்சது பச்சையாவே கப்பல் ஏறிச்சு. இதுல ஒரு காரணம் இருக்கு. காயவைத்து தோல் நீக்கிய பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருஷம் கெடாது. வறுத்துட்டால் கொஞ்ச வாரத்திலேயே மணம் போயிடும், தூளாக்கிட்டால் அதைவிடச் சீக்கிரம். அதனால வறுக்கிற வேலை எப்பவும் குடிக்கிறவன் வீட்டுக்குப் பக்கத்துல நடக்கும். கோயமுத்தூர்ல ஸ்டேன்ஸ் துரை 1861ல் காப்பிக் கொட்டை பதப்படுத்தத் தொடங்கினார். தோல் எடுக்கிறது, தரம் பிரிக்கிறது, மூட்டை கட்டுறது எல்லாம் இங்கே. ஏலம் லண்டன்ல. வறுவல் அங்கே. லாபத்துல பெரும் பங்கும் அங்கேதான் நின்னுச்சு.

வறுக்கிற யந்திரத்துக்கும் நீண்ட பரம்பரை உண்டு. மண் சட்டி, இரும்புச் சட்டியில் கிளறினது போய், கைப்பிடி வச்ச உருளையை நெருப்பு மேல சுத்தினார்கள். 1846ல் அமெரிக்காவில் கார்ட்டர் என்பவர் அடுப்புக்குள்ள இருந்து இழுத்து வெளியே எடுக்கிற மாதிரி பெரிய உருளை செய்தார். 1864ல் நியூயார்க்கில் ஜேபஸ் பர்ன்ஸ் பேட்டண்ட் வாங்கிய உருளை, அடுப்பை விட்டு நகராமலே வறுத்த கொட்டையை வெளியே தள்ளிடும். 1868ல் ஜெர்மனியில் எம்மெரிக் ஊரில் தொடங்கின கம்பெனிதான் இன்னைக்கு உலகம் பூரா தெரியும் புரோபாட். என் வீட்டுத் திண்ணையில் நிக்கிற மெஷின் இதுங்களுக்கெல்லாம் பேரன். விறகுக்குப் பதில் கரண்ட், கைக்குப் பதில் மோட்டார். உருளை அதே உருளை.

நம்ம ஜனங்க காப்பி குடிக்கப் பழகினது 1900ஐ ஒட்டித்தான். பழைய சோத்துத் தண்ணியும் கூழும் குடிச்ச வயிறு. காப்பி வந்து கெடுக்குதுன்னு அந்தக் காலப் பத்திரிகைகளில் புலம்பியிருக்கிறார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று இதைப் பத்தியே எழுதியிருக்கிறார், கிடைச்சால் படிங்க. காப்பி முதல்ல பிராமணர் வீட்டுப் பானமா, வசதியுள்ளவர் பானமா இருந்தது. காப்பி ஓட்டலில் யார் எங்கே உட்காரலாம் என்பதே பெரிய சண்டை. 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எடுக்கச் சொல்லி பெரியார் கட்சியார் மறியல் செய்தார்கள். பட்டணத்தைச் சொல்லிட்டு எங்க ஊரை மறைச்சால் நல்லா இருக்காது. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க பக்கத்து டீக்கடை ஒண்ணுல சிலருக்குத் தனித் தம்ளர் கூரையில் சொருகியிருக்கும். அவங்களே எடுத்து, குடிச்சு, கழுவி வைக்கணும். எனக்கு அது அப்போ தப்பாத் தெரியலை என்பதையும் எழுதித்தான் ஆகணும்.

எங்க ஊர்ல காப்பிக்கொட்டை வறுத்தது ஒரே வீடு. ஒரு வாத்தியார் குடும்பம், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரங்க. கரி அடுப்பு மேல கம்பியில் கோர்த்த இரும்பு உருளை, அந்த அம்மா உட்கார்ந்து சுத்துவாங்க. சேலத்துல இருந்து பச்சைக் கொட்டை வரும். வாசம் தெருக்கோடி வரைக்கும் அடிக்கும். பசங்க நாங்க எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கிட்டு இருப்போம். எங்க வீட்டுல சாவு விழுந்தால் வரக்காப்பி, காய்ச்சல்னா சுக்குக் காப்பி, அவ்வளவுதான். சுக்குக் காப்பியில காப்பியே கிடையாது என்பது தனிக் கதை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ரெண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய சந்தை அடைபட்டுப் போய் காப்பித் தோட்டக்காரர்கள் தவிச்சார்கள். அரசு தலையிட்டு 1940ல் அவசரச் சட்டம், 1942ல் காப்பிச் சந்தை விரிவாக்கச் சட்டம் கொண்டு வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். அதன்படி பதிவு செய்த தோட்டக்காரர் விளைஞ்சதை எல்லாம் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் கொடுத்துடணும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வச்சுக்கலாம். போர்டு தரம் பார்த்து, ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையா கொடுக்கும். தானே வறுத்து, தானே தூளாக்கி விக்கிற வழி அடைச்சுப் போச்சு. போர் முடிஞ்சும் இது அரை நூற்றாண்டு நீடிச்சது. நாங்க மில்லுக்குக் கரும்பு வெட்டி விட்டுட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறவங்க, அதனால தவணைன்னா என்னன்னு எனக்கு விளக்க வேண்டாம்.

ஒரு நல்லதும் சொல்லணும். போர்டு நடத்திய காபி ஹவுஸ்களை 1950களில் மூட முடிவு பண்ணினபோது, வேலை போக இருந்த தொழிலாளிகள் ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைச்சு அதையே எடுத்து நடத்தினார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்னைக்கும் ஓடுது.

1989ல் உலக நாடுகள் காப்பிக்கு வச்சிருந்த ஏற்றுமதிப் பங்கீட்டு ஒப்பந்தம் முறிஞ்சது. நம்ம காப்பியை நிறைய வாங்கின சோவியத் யூனியன் 1991ல் உடைஞ்சது. அதுக்கப்புறம் கட்டுப்பாட்டைப் படிப்படியா தளர்த்தி, 1996ல் பொதுத் தொகுப்பு முழுசா எடுபட்டது. விளைவிச்சவன் விருப்பப்பட்டவனுக்கு விக்கலாம். கையில சுதந்திரம் வந்த கொஞ்ச வருஷத்துல, 2001 வாக்கில், உலக விலை தரைக்கு வந்துடுச்சு. சந்தைன்னா அப்படித்தான்.

எங்க தருமபுரியிலேயே காப்பி விளையுதுன்னு சொன்னால் சென்னைக்காரங்க நம்ப மாட்டாங்க. வத்தல்மலை, மூவாயிரம் அடிக்கு மேல. சில்வர் ஓக் மர நிழலில் காப்பி, மரத்து மேல மிளகுக்கொடி. அங்க இருக்கிறவங்க மலையாளிகள். கேரளாக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க, மலையை ஆளுகிற பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்க பாட்டன் கதை சொல்லும். அங்க எனக்கு ஒரு கூட்டாளி, முப்பது வருஷப் பழக்கம். ரோடு சரியா இல்லாத காலத்துல தலைச்சுமையா இறக்கிட்டு வந்து எங்க புளியமரத்தடியில்தான் இளைப்பாறுவார். பழத்தை அப்படியே களத்துல காயப்போட்டு, தோலோட வியாபாரிக்கு எடை போடுவார். சொன்ன விலைதான். ஒரு நாள் கேட்டேன், "உங்க காப்பியை நீங்க குடிச்சிருக்கீங்களா மாமா?" "நாங்க டீதான் மாப்ளே"ன்னார். அந்தப் பதில்தான் இந்த மெஷினை வாங்க வச்சது.

முதல்ல உரல்ல குத்தி, முறத்துல புடைச்சு, அஞ்சு கிலோ கொட்டை எடுத்தோம். உருளையை இருநூறு டிகிரி வரைக்கும் காயவிட்டுப் போடணும். பச்சை மஞ்சளாகும், அப்போ வைக்கோல் வாசம். அப்புறம் கேவுரு வறுக்கிற வாசம். ஒன்பது பத்து நிமிஷத்துல பழுப்பாகி, சோளம் பொரியுற மாதிரி படபடன்னு வெடிக்கும். கொட்டைக்குள்ள இருக்கிற நீராவி வெடிச்சு வெளியே வருது. பில்டர் காப்பிக்கு அதுக்கு மேலயும் ரெண்டு மூணு நிமிஷம் வேணும். எடுத்ததும் விசிறி ஆத்தணும், இல்லைன்னா தன் சூட்டுலயே கருகும். ஒரு கிலோ போட்டால் எண்ணூத்தி நாற்பது, ஐம்பது கிராம்தான் வரும், மீதி ஆவியும் உமியும்.

மூணாவது ஈடுல, சரியா படபடக்கிற நேரத்துல கரண்ட் போச்சு. உருளை நின்னா அடியில இருக்கிற கொட்டை சூட்டு இரும்பு மேலயே கிடக்கும். வித்தவன் கைப்பிடி கொடுத்திருக்கணும், கொடுக்கலை. திறந்து கொட்டுறதுக்குள்ள புகை, உள்ள ஒரு பக்கம் தீ. ஒரு கிலோ கரி. மாமா முகத்தைப் பார்க்க முடியலை, அது அவர் பொழுதெல்லாம் குனிஞ்சு பறிச்சது. மறுநாள் பட்டறையில் சொல்லி ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னேன். அந்த வாத்தியார் வீட்டு உருளைக்கு வந்து சேர்ந்தாச்சு.

நல்லா வந்த ஈடை ஒரு நாள் ஆறவிட்டு, சிக்கரி கலக்காம டிகாஷன் போட்டோம். சிக்கரி கலந்தா பாக்கெட்டுல சதவீதம் போடணும்னு சட்டம் இருக்கு, பாதிக்குக் குறையாம காப்பி இருக்கணும். அடுத்த தடவை கடையில வாங்கும்போது சின்ன எழுத்தைப் படிச்சுப் பாருங்க. மாமா ரெண்டு மடக்கு குடிச்சார். "கசக்குது"ன்னார். வெல்லம் போட்டுக் கொடுத்தேன், முழுசும் குடிச்சுட்டு, "இதையா இத்தனை வருஷம் மூட்டையில கொடுத்தேன்?"னு கேட்டார்.

வீட்டுக்காரி கணக்கு நோட்டை எடுத்தாச்சு. கரண்டு, கூலி, கவர், கருகின ஒரு கிலோ எல்லாம் எழுதியிருக்கா. தோலோட வித்தால் என்ன, வறுத்து வித்தால் என்னன்னு ரெண்டு பத்தி போட்டு வச்சிருக்கா. ரெண்டாவது பத்தி இன்னும் கொஞ்சம்தான் மேல நிக்குது, அதுவும் மாமா பங்கைச் சரியா கொடுத்தால் எங்களுக்கு மெஷின் கடன் அடைய ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றா. பங்கைக் குறைக்கலாம்னு அவளும் சொல்லலை. மார்கழி பழத்துக்கு மாமா இந்தத் தடவை வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கலைன்னு நேத்து போன் பண்ணினார்.