வெள்ளைக் கழிச்சலும் நூறு டோஸ் குப்பியும்

சின்ன வயசில் எனக்கு அது "ராணி கெட்ட" நோய். எங்கள் ஊர் கால்நடை மருந்தகச் சுவரில் "கோழிகளுக்கு ராணிகெட் தடுப்பூசி போடப்படும்" என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். ராணி ஏன் கெட்டாள், அதற்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடமும் கேட்டதில்லை. அப்பத்தாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவருக்கு அது "சீக்கு". கொஞ்சம் விளக்கமாகச் சொல்வதென்றால் "வெள்ளைக் கழிச்சல்".

ராணிகெட் என்பது ஊர்ப் பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. இன்றைய உத்தராகண்டில், குமாவோன் மலையில் இருக்கும் கண்டோன்மென்ட் ஊர். கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்துச் சாப்பிடும் நம் பழக்கத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் சங்ககால மனைக்கோழியில் தொடங்கலாம், உறையூருக்குக் கோழியூர் என்று பெயர் வந்த கதையில் தொடங்கலாம். நான் இந்த மலை ஊரில் தொடங்குகிறேன். காரணம், கடந்த நூறு வருஷத்தில் வீட்டுக்கோழியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது இந்த நோய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1926-இல் உலகின் இரண்டு மூலைகளில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒன்று, டச்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த ஜாவா. இன்னொன்று, இங்கிலாந்தின் நியூகாசில். டாய்ல் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் பரவியது அதுவரை தெரிந்திருந்த கோழிக் கொள்ளைநோய் அல்ல, வேறொரு வைரஸ் என்று காட்டி, தற்காலிகமாக "நியூகாசில் நோய்" என்று பெயர் வைத்தார். தற்காலிகமாக வைத்த பெயர் நிரந்தரமாகிவிடுவது எங்கள் சாஃப்ட்வேர் துறையில் மட்டும் நடப்பதில்லை! அடுத்த வருஷமே ராணிகெட்டில் கோழிகள் செத்தன. முக்தேஸ்வரில் இருந்த அரசு கால்நடை ஆய்வகத்தின் எட்வர்ட்ஸ் அதை விவரித்து எழுத, இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. உலகத்துக்கு நியூகாசில், நமக்கு ராணிகெட். வைரஸ் ஒன்றுதான்.

நோய் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோழி தீனி எடுக்காது. இறக்கை தொங்கிப்போய், கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வைரஸ் புகுந்தால் பத்துக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் அதிர்ஷ்டம். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

இது ஒரு வீட்டுக்கு என்ன இழப்பு என்பதற்கு நாட்டுக்கோழியின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்குப் படுக்கும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் போனது போக நாலைந்து தேறும். வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடு. தீனிச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சிந்திய நெல், நொய், கரையான், புழு பூச்சி, மிச்சச் சோறு போதும். இரவுக்கு ஒரு பஞ்சாரம். அப்பத்தாவின் வீட்டில் கறி என்றாலே அதுதான். மருமகன் வந்தால் ஒரு சேவல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு விடைக்கோழி, பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட இரண்டு கோழி. அது அவர் கையிருப்பு. தாத்தாவிடம் கேட்காமல் அவர் செலவழிக்கக்கூடிய ஒரே பணம். அந்தக் கையிருப்பு ஒரே வாரத்தில் காலியாகும் என்றால், எந்தப் பொம்பளை அதில் கூடுதலாக நாலு காசு போடுவார்? பத்துக் கோழிக்கு மேல் பெருக்காமல் இருந்ததற்கு அக்கறையின்மை காரணமல்ல, அனுபவம்தான் காரணம்.

இத்தனைக்கும் தடுப்பூசி 1940-களிலேயே வந்துவிட்டது. அதுவும் அதே குமாவோன் மலையிலிருந்து. கோழியைக் கொல்லும் வைரஸைக் கருவளரும் முட்டைக்குள் விட்டு, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வளர்த்து, திரும்பத் திரும்பச் செய்து வீரியத்தைக் குறைத்தார்கள். அப்படிக் கிடைத்தது முக்தேஸ்வர் ரகம். இன்றும் ஆர்2பி என்ற பெயரில் போடுகிற ஊசி அதுதான். எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத் தோலுக்கடியில் போட வேண்டும். இளங்குஞ்சுக்கு அது தாங்காது. குஞ்சுகளுக்கென்று அதைவிட மென்மையான எஃப், லசோட்டா ரகங்கள் பிறகு வந்தன. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் போதும்.

அறிவியல் முடிந்துவிட்டது. சிக்கல் குப்பியில் இருந்தது.

இந்த மருந்து உயிருள்ள வைரஸ். உலர்த்திய பொடியாகக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஆய்வகத்திலிருந்து கோழி வரைக்கும் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். குப்பி ஒன்றில் நூறு டோஸ், இருநூறு டோஸ், ஆயிரம் டோஸ். பண்ணைக்காரருக்கு இது கச்சிதம். ஒரே நாளில் பொரித்த ஆயிரம் குஞ்சு, ஒரே நாளில் ஒரே குப்பி. அப்பத்தாவிடம் இருந்ததோ பன்னிரண்டு. அதிலும் ஒன்று அடையில், மூன்று முட்டையில், மிச்சம் பல வயதுக் குஞ்சுகள். பொழுது விடிந்துவிட்டால் ஒன்றையும் கையில் பிடிக்க முடியாது. ஃப்ரிட்ஜ் இல்லாத ஊர். பன்னிரண்டு கோழிக்காக நூறு டோஸ் குப்பியை யார் உடைப்பார்கள்?

"பிராய்லர் வந்துதான் நாட்டுக்கோழி அழிஞ்சுச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பாதி உண்மை. வேகமாக வளர்கிற, விலை மலிந்த கறி சந்தையைப் பிடித்தது நிஜம். ஆனால் ஒரே ஷெட்டில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? இந்தக் குப்பியிலிருந்தும்தான். தடுப்பூசி இல்லாமல் பிராய்லர் பண்ணையே இல்லை. ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால் மருந்தை அடைத்த அளவு ஒரு பக்கத்துக்குப் பொருந்தியது, இன்னொரு பக்கத்துக்குப் பொருந்தவில்லை.

இதைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். 1966-இல் குயின்ஸ்லாந்தில் நோய் உண்டாக்காத ஒரு ரகம் கிடைத்தது. அதன் பெயர் வி4. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்ப்ராட்ப்ரோவும் அவரது கூட்டாளிகளும் 1980-களில் அதில் வெப்பம் தாங்கக்கூடியதைப் பிரித்தெடுத்து, கிராமத்துக் கோழிகளுக்குத் தானியத்தில் கலந்து கொடுக்க முடியுமா என்று மலேசியாவில் சோதித்தார்கள். வி4-க்கு வணிக உரிமை இருந்ததால், அடுத்து ஐ-2 என்ற ரகத்தை உருவாக்கி, அதன் மூல விதையை ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஓப்பன் சோர்ஸ்தான், வேறென்ன! மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் அது கண் சொட்டாகப் போய்ச் சேர்ந்தது. தானியத்தைவிடக் கண் சொட்டுதான் நம்பகம் என்பதும் போகப்போகத் தெரிந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை விட வேண்டும்.

நம் ஊரிலும் முயற்சி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே போடக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கால்நடைத் துறை கோடைக்கு முன்பாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊர்க்கோழி மொத்தத்தையும் ஒரே நாளில் கூட்டினால் நூறு டோஸ் குப்பி வீணாகாது. குப்பியை மாற்ற முடியாவிட்டால் ஊரையே ஒரு பண்ணையாக்கிவிடுவது. நல்ல யோசனைதான். மார்ச்சில் பொரிக்கிற குஞ்சுக்குத்தான் அதில் இடமில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினங்கள் 85.18 கோடி. அதில் கொல்லைப்புறத்தில் வளர்பவை 31.7 கோடி, முந்தைய கணக்கைவிடச் சுமார் 46 சதவீதம் கூடுதல். வீட்டுக்கோழி அழிந்துவிடவில்லை. மாடியில், தோப்பில், வாடகை வீட்டுப் பின்கட்டில் நாலு கோழி வாங்கி விடுகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், கூண்டு எங்கே வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், தெருவில் வேறு யாரெல்லாம் கோழி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குப்பியைப் பங்குபோட ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டுக்குச் சீக்கு வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. மூன்றாவது கோழி தலையைத் தொங்கப்போட்டதுமே அப்பத்தா, "இருக்கிறத வித்துருவோம்டா" என்று மிச்சத்தைக் கூடையில் கட்டி வியாழக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோனார். நான்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். பார்க்க நன்றாக இருக்கும் கோழிக்குள்ளும் வைரஸ் இருக்கும், சந்தைதான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது என்று படித்தபோது அந்தக் கூடை ஞாபகம் வந்தது. அன்று எட்டுக் கோழி விற்றோம். எட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.