விசை கற்ற இலக்கணம்

ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரம் இன்று எந்திரத் தொழிலின் இருப்பிடம். 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையிலிருந்து விசைகள் பொதிந்த அலைபேசிகள் உலகெங்கும் சென்றன. அவ்விசைகளுக்கு நெடுங்காலம் முன்பே, தமிழை விசையில் ஏற்றும் முயற்சி கடல் கடந்த மண்ணில் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று, சிங்கப்பூரில் பணியாற்றியவர் ஆர். முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைக் கண்ட அவர் உள்ளத்தில் தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. எழுத்துகளோ 247, பொறியில் அமையும் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. எழுத்தைக் குறைப்பதா, பொறியை வளைப்பதா என்பதே வினா.

முத்தையா பொறியை வளைத்தார். விசையை அழுத்தினால் அச்சு எழும். தாள் தாங்கிய உருளை ஓரிடம் நகரும். புள்ளிக்கும் விசிறிக்கும் அவர் நகரா விசை அமைத்தார். முதலில் குறி பதியும். உருளை அசையாது நிற்கும். அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். அவர் வகுத்த பொறிகள் ஜெர்மனியில் உருவாகித் தமிழர் கைக்கு வந்தன.

ஆயினும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. உயிர்மெய்யில் மெய் முந்தும், உயிர் பிந்தும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. பொறியிலோ ‘கி’ என்பதற்கு விசிறி முந்தியது, ககரம் பிந்தியது. நாவின் முறை வேறு, விரலின் முறை வேறு என்றாயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ககரத்தின்பின் இகரம் அழுத்தினால் ‘கி’. மகரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதில் புள்ளி தானே ஏறும். ‘அம்மா’ என எழுதத் தட்டச்சில் ஐந்து அழுத்தம், இங்கு நான்கே. ‘ககனம்’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாவெனில், இரு ககரத்திற்கும் இடையே அகரத்தை அழுத்தினால் போதும். இரட்டிக்கும் மெய் புள்ளி பெறும் என்னும் தமிழியல்பை விசையே அறிந்துகொண்டது.

எந்திரத்துக்காக மொழி குறுக வேண்டுவதில்லை. மொழியறிந்தோர் கைப்பட்டால் எந்திரமே இலக்கணம் கற்கும். அசையும் சீரும் எண்ணிப் பாடும் புலவர், விரல்நுனியிலும் அவ்வொழுங்கு வாழ்வதை உணர்ந்தால் முத்தையாவின் உழைப்பை மறவார்.