பழைய டிவியும் ஈயக் குட்டையும்



திருவிழாவுக்கு முன்னே கோவில் ஸ்டோரைச் சுத்தம் பண்ணினோம். ரெண்டு டியூப் டிவி, ஓடாத ஆம்ப்ளிஃபையர், ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒரு மூட்டை சீரியல் லைட்டு. "பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடுங்க தம்பி"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். போன தடவை அப்படித்தான் தள்ளினோம். செம்பை உருவிக்கிட்டு, உடைச்ச டிவி கண்ணாடியை ஆற்றோரத்துல கொட்டிட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் இந்த நீண்ட பதிவு.

நம்ம தாத்தா பாட்டிமார் பீடோர் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய காலத்தில், பக்கத்துப் பள்ளங்களில் ஈயம் தோண்டினார்கள். நாம இங்கே ஈயம்னு சொல்றது வெள்ளீயம். காரீயம் வேறே, அதுதான் விஷம். பழைய ரேடியோ, டிவியின் உள்பலகையில் பளபளன்னு பற்றவைத்திருப்பது இந்த ரெண்டும் கலந்தது. பேராக் மண்ணிலிருந்து போனது எந்தெந்த நாட்டு ரேடியோவுக்குள்ளே இருக்கோ, யார் கண்டா!

ஈயம் அலசியபின் மிஞ்சும் கனமான மணலுக்கு ஆமாங் என்று பெயர். அதில் மோனசைட் என்ற தாது உண்டு. மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்கள் கிடைக்கும். கலர் டிவியில் சிவப்பு நிறம் தெரிவதற்கும், கைப்பேசி ஸ்பீக்கரில் இருக்கும் சின்னக் காந்தத்துக்கும் அருமண் வகைகள்தான் வேணும். ஆனால் மோனசைட்டோடு தோரியமும் ஒட்டிக்கொண்டு வரும். அது கதிரியக்கம் உள்ளது. பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் பங்கு. கழிவை எங்கே போடுவது? பாப்பான் ஊர் அருகே புதைக்கத் திட்டம் போட்டார்கள். 1984-இல் பாப்பான் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த அக்டோபரில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலைக்கு இடைக்காலத் தடை போட்டது. 1987-இல் ஆலை மறுபடி ஓடியது. அதே ஆண்டு ஆப்பரேஷன் லாலாங்கில் இந்தப் போராட்டக்காரர்கள் சிலரும் விசாரணையில்லாமல் உள்ளே போனார்கள்.

பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது என்று தாய்மார் முறையிட்டார்கள். ஆலை காரணம் இல்லை என்றது நிறுவனம். 1992 ஜூலையில் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கோர்ட்டில் தோற்றுப்போன மக்கள்தான், ஆனால் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தது! இத்தனைக்கும் வழக்குப் போட்டவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள் எட்டுப் பேர். எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

ஆலை மூடியதோடு கழிவு போய்விடவில்லை. அதன்பின் பல ஆண்டு செலவழித்து, கிளேடாங் மலைப்பக்கம் தோண்டி, பத்திரமாகப் புதைக்க வேண்டியதாயிற்று.

இப்போ நம்ம வீட்டு டிவி, போனில் தோரியம் இல்லை, பயப்படாதீங்க. ஆனால் டியூப் டிவியின் கண்ணாடியில் காரீயம் உண்டு. ஒயரை எரித்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. நம்ம நாட்டுச் சட்டமும் 2005-லேயே மின்னணுக் கழிவை அட்டவணைக் கழிவில் சேர்த்து, எஸ்.டபிள்யூ. 110 என்று எண் கொடுத்துவிட்டது. சுற்றுச்சூழல் துறை லைசென்ஸ் உள்ளவர்தான் அதைப் பிரிக்கலாம்.

அதனால் கோவில் சாமான்களை லைசென்ஸ் உள்ள இடத்துக்கே அனுப்பப் போகிறோம். உங்கள் வீட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டுவாங்க, ஸ்டோர் பக்கம் வாங்கிக்கொள்கிறோம். போனில் இருக்கும் படங்களை அழித்துவிட்டுக் கொடுங்க. டிவியை உடைக்காதீங்க. உப்பிய பேட்டரியைத் தனியா வையுங்க. சாமி விளக்குப் பக்கத்துல மட்டும் வேணாம் 🙏