கடல் வீட்டுக்கு, கழிவுநீர் ஆலைக்கு: சென்னைத் தொழில்வளையத்தின் நீராதாரங்கள் குறித்து

1960களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நீர் இறைக்கத் தொடங்கியபோது, அதில் பெரும் பங்கு மணலி ஆலைகளுக்குப் போனது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகப் படியவைத்த மணலடுக்குகளில் சேர்ந்திருந்த நன்னீர் அது. ஊறுவதைவிட மிகுதியாக இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்க, கடல் நிலத்தடி வழியே பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. நெல் விளைந்த ஊர்களின் கிணறுகள் உப்புக் கரித்தன. அதே வட்டாரத்தின் காட்டுப்பள்ளிக் கடற்கரையில்தான், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. தொழிலுக்கான நீரை எங்கிருந்து எடுப்பது என்பதை ஆதாரங்களின் வரிசையாகப் பார்க்காமல், அவ்வப்போது கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டதன் வரலாறு இது.

கடல்நீரும் சுத்திகரித்த கழிவுநீரும் பொதுவாகப் போட்டி ஆதாரங்களாகவே பேசப்படுகின்றன. எது மலிவு, எது தூய்மை, எது வறட்சிக்குத் தாங்கும் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீடே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பது என் வாதம். கடற்கரை நகரத்தில் இரண்டும் ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள். கடல்நீரிலிருந்து பிரித்த நீர் முதலில் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பயன்படுத்தி வெளியேற்றியது ஆலைக்குப் போகவேண்டும். ஆலைக்காகவே கடல்நீரைச் சுத்திகரிப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும்.

இதற்கான முதல் காரணம் இயற்பியலில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அக்கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் 27 பார் அளவுக்கு வருகிறது. அதை வென்று தள்ளினால்தான் சவ்வின் மறுபுறம் நன்னீர் கசியும். நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை அழுத்துகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த நகரக் கழிவுநீரிலோ கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிராம்தான். அதன் சவ்வூடுபரவல் அழுத்தம் 1 பாரைச் சுற்றியே இருக்கும். நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், கிருமிநீக்கம் யாவும் சேர்த்து ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 1 யூனிட்டில் முடித்துவிடலாம். முதல் இரண்டு நிலைச் சுத்திகரிப்புக்கான மின்சாரத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நகரம் செய்தே தீரவேண்டிய கடமை அது.

சவ்வுகள் மேம்பட மேம்பட இந்த இடைவெளி மறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு வெப்ப இயக்கவியல் இடம் தரவில்லை. கடல்நீரில் பாதியை நன்னீராக மீட்பதற்குக் கோட்பாட்டளவில் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலே ஆயிரம் லிட்டருக்கு 1 யூனிட்டைச் சற்றுத் தாண்டுகிறது. கடலில் எந்தப் பொறியாளரும் கடக்கமுடியாத எல்லை எதுவோ, அதை ஒட்டிய அளவிலேயே கழிவுநீர் நிலையங்கள் இன்றே இயங்குகின்றன.

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் இயங்கத் தொடங்கிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டும் தலா 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டவை. முன்னதன் நீர் மணலி, மீஞ்சூர் பக்கமுள்ள ஆலைகளுக்கும், பின்னதன் நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கும் போகிறது. 4.5 கோடி லிட்டரைக் கடலிலிருந்து எடுத்திருந்தால், ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை யூனிட் வேறுபாடு என்று கொண்டாலும், ஒரு நிலையத்துக்கு மட்டும் நாள்தோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூனிட் கூடுதலாகியிருக்கும். திருப்பெரும்புதூர் கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருப்பதால், தூரத்துக்கு நீரேற்றும் செலவும் கடல்நீரின் கணக்கில்தான் கூடும்.

ஆலை நிர்வாகிகளின் தயக்கம் பெரும்பாலும் தரத்தைப் பற்றியது. அது வெற்றுத் தயக்கமாகத் தெரியவில்லை. கழிவுநீரில் எஞ்சும் அம்மோனியா குளிர்விப்பு அமைப்புகளின் செம்புக் கலவைக் குழாய்களை அரிக்கும். பாஸ்பேட் படிந்து அடைக்கும். கரிமப் பொருள்களைத் தின்று நுண்ணுயிர்கள் சவ்வின்மேல் பாசியாய்ப் பரவும். யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டிவிடுவதால் சிப் உற்பத்திக்கான மீத்தூய நீர் தயாரிப்போருக்கு அது தனித் தலைவலி. ஆனாலும் சிங்கப்பூர் 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் மீட்ட கழிவுநீரைக் குறிப்பாக அந்தச் சிப் ஆலைகளுக்கே விற்றுவருகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கி, சொந்தச் செலவில் சவ்வு நிலையம் அமைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இந்த முன்னோடி முயற்சி நம் நீர்க்கொள்கை விவாதங்களில் உரிய இடம் பெறாதது எனக்கு வருத்தமளிக்கிறது. முப்பதாண்டு இயக்க அனுபவம் நம் ஊரிலேயே இருக்கிறது. சவ்வைக் காப்பாற்றச் செய்யவேண்டியது சாக்கடையின் தொடக்கத்திலேயே இருக்கிறது: ரசாயனக் கழிவைக் கள்ளத்தனமாகப் பொதுச் சாக்கடையில் திறந்துவிடும் பட்டறைகளைத் தடுக்காமல், கடைசியில் எத்தனை வடிகட்டி வைத்தும் பயனில்லை.

வறட்சி பற்றிய எதிர்வாதம் இதைவிட வலுவானது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குழாயில் நீர் குறைந்தால் சாக்கடையிலும் குறையும். அப்போது ஆலை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை கடல் நிலையத்திடம்தான் இருக்கிறது. வீடுகளுக்கான வழங்கலின் அடித்தளமாகக் கடல்நீர் நின்றால், மழை பொய்த்த ஆண்டிலும் கழிவுநீர் வற்றாது. உப்பை நீக்கச் செலவிட்ட மின்சாரம் ஒரே லிட்டரில் இரண்டு வேலை செய்யும். மேலும், கடலிலிருந்து பிரித்த நீரில் உப்பு குறைவு என்பதால் அதிலிருந்து பிறக்கும் கழிவுநீரும் உப்புக் குறைந்ததாகவே வரும், நிலத்தடி உவர்நீர் பழைய சாக்கடைக் குழாய்களின் வெடிப்புகளில் புகாதவரை.

ஆனால் இவ்வாதத்தை எல்லா ஊர்களுக்கும் நீட்டக் கூடாது. சென்னையின் சுத்திகரித்த கழிவுநீர் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியே கடலில் கலக்கிறது. அதை ஆலைக்குத் திருப்பினால் எந்த உழவரின் பங்கும் பெரிதாகக் குறையாது. அது உண்மையிலேயே கூடுதல் நீர். உள்நாட்டு நகரங்களில் நிலைமை வேறு. ஐதராபாத்துக்குக் கீழே மூசி ஆற்றங்கரையில் நகரக் கழிவுநீரைக் கொண்டே தீவனப்புல்லும் நெல்லும் விளைகின்றன. நாக்பூரின் கழிவுநீர் கோராடி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. மாசு குறைந்தது நல்லதே, ஆனால் கீழ்நிலைக்குப் போகும் ஓட்டமும் அந்த அளவுக்குக் குறைகிறது. கழிவுநீர் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள அனல்மின் நிலையங்கள் அந்நீரையே பயன்படுத்தவேண்டும் என்று 2016 மின்கட்டணக் கொள்கை விதித்தது. கடற்கரை நகரம், உள்நாட்டு நகரம் என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. கீழ்நிலைப் பயனாளரைக் கணக்கெடுக்காத மறுபயன்பாடு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நீரை மாற்றுவதாகவே முடியும்.

உப்பின் போக்கிடமும் இதையொட்டிய சிக்கல். உயர்நீதிமன்றத்தின் 2011 ஆணைக்குப் பின் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு வந்தன. நீரும் உப்பின் ஒரு பகுதியும் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. நொய்யல் ஆற்றைச் சாகடித்த தொழில் இவ்வளவு தூரம் வந்தது மதிக்கத்தக்க சாதனை. எனினும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்குகளில் தேங்குகிறது. கடற்கரையில் அந்தச் சுமையைக் கடல் வாங்குகிறது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கடல்நீர் மீட்பு 40 முதல் 45 விழுக்காடு என்று கொண்டால், நெம்மேலியில் 2024இல் திறந்த 15 கோடி லிட்டர் நிலையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கோடி லிட்டர் செறிந்த உவர்நீரைக் கரையோரத்தில் விடவேண்டியிருக்கும். கரையை ஒட்டி வலை போடும் சிறுபடகு மீனவர்கள் எழுப்பும் கவலையை வளர்ச்சிக்கு எதிரான குரலாகக் காண்பது அநியாயம். ஆலைக்காகக் கடலில் எடுக்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டரும் அந்த உவர்நீரையும் குறைக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, மீட்ட நீரின் உண்மையான போட்டியாளர் கடல்நீர் இல்லை, ஊராட்சிக் கிணற்றிலிருந்து வரும் டேங்கர் லாரிதான். சென்னைப் பெருநகர நிலத்தடிநீர்ச் சட்டம் 1987இலேயே வந்தது. மாநிலம் முழுமைக்குமான 2003ஆம் ஆண்டுச் சட்டமோ 2013இல் நீக்கப்பட்டது. கிணற்று நீருக்கு விலையே இல்லாதபோது, எந்த ஆலை குழாய்வழிக் கழிவுநீருக்கு மனமுவந்து பணம் கட்டும்? நிலத்தடி நீருக்கு அளவுமானியும் கட்டணமும் இல்லாமல் மூன்றாம் நிலை நிலையங்களை மட்டும் கட்டிக்கொண்டே போவது, திறனில் ஒரு பகுதியைச் சும்மா நிறுத்திவைப்பதில் முடியும்.

பேரூரில் 2023இல் அடிக்கல் நாட்டிய 40 கோடி லிட்டர் கடல் நிலையத்தின் திட்டமிடலில் இந்த வரிசை இப்போதே இடம்பெற வேண்டும். வீடுகளுக்குப் போகும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்ற வழக்கமான கணக்குப்படி, இழப்புகளை ஒதுக்கிப் பார்த்தால், அங்கிருந்து பிறக்கக்கூடியது 32 கோடி லிட்டர். அது பெருங்குடி, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களுக்கு எவ்வளவு வந்துசேரும், அங்கே மூன்றாம் நிலைக்கு ஒதுக்க நிலம் உண்டா, ஒரகடத்துக்கான குழாய் எந்தச் சாலையோரம் போகும் என்பவற்றைக் கடல் நிலையத்தின் குழாய் வரைபடத்தோடு ஒரே தாளில் வரையவேண்டும். நிலையம் எழுந்து, நகரம் அந்த இடங்களைக் கட்டடங்களால் நிரப்பிய பிறகு அதே குழாயைப் பதிக்கும் செலவு பன்மடங்காகும்.