எவனோ என்ற ஒரு சொல்



1875ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகே மேரி மெக்லியோட் பிறந்தாள். பெற்றோருக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் அவள் 15ஆவது. அடிமைத்தனம் ஒழிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பெற்றோரும் மூத்த பிள்ளைகள் பலரும் அடிமைகளாய் இருந்தவர்கள்.

சிறுமியாய் இருந்தபோது, தாய் வேலை செய்த வெள்ளையர் வீட்டுக்கு மேரியும் உடன் சென்றாள். அங்கே கிடந்த ஒரு புத்தகத்தை ஆவலோடு கையில் எடுத்தாள். உனக்கு வாசிக்கத் தெரியாது, அதைக் கீழே வை என்றாள் அவ்வீட்டுச் சிறுமி. அச்சொல் மேரியின் நெஞ்சில் தைத்தது. வாசிக்கக் கற்றே தீருவது என்று அவள் உறுதி கொண்டாள்.

பின்னர் பிரெஸ்பிட்டேரியன் சபையார் அவ்வூரில் ஒரு மிஷன் பள்ளியைத் தொடங்கினர். அதன் ஆசிரியை எம்மா வில்சன். பருத்திக்காட்டு வேலையிலிருந்து ஒரு பிள்ளையை மட்டுமே பெற்றோரால் விடுவிக்க முடிந்தது. அந்த ஒருத்தி மேரி. தினமும் பல மைல் நடந்து சென்று படித்தாள். மாலையில் கற்றதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்தறியாத அயலாருக்குப் பருத்திக் கணக்கும் பார்த்துக்கொடுத்தாள்.

ஒருநாள் ஆசிரியை யோவான் 3:16ஐ வாசித்தார். அதிலுள்ள எவனோ என்ற சொல்லில் தன் இருள் நீங்கியதாக மேரி பிற்காலத்தில் சாட்சி சொன்னார். அச்சொல்லில் கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவினை இல்லை.

மேற்படிப்புக்கு வழியின்றி மேரி மீண்டும் வயலுக்குத் திரும்பினாள். அப்பொழுது டென்வர் நகரில் தையல் தொழில் செய்துவந்த மேரி கிறிஸ்மன் என்ற பெண்மணி, ஒரு கறுப்பினச் சிறுமியின் படிப்புக்கென்று தம் உழைப்பில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொடுத்தார். தெரிந்துகொள்ளப்பட்டவள் மேரி. 1888இல் அவள் ஸ்கோஷியா செமினரிக்குப் புறப்பட்ட நாளில், அயலார் வேலையை நிறுத்திவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார்கள்.

பிறகு சிக்காகோவில் டி. எல். மூடியின் வேதாகமக் கல்லூரியில் பயின்று, ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகச் செல்ல விண்ணப்பித்தார். கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்று மிஷன் குழு மறுத்தது. எவனோ என்று கற்பித்த சபையே அச்சொல்லுக்கு விலக்கு வைத்தது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் நடுங்கச் செய்வது இதுவே. அவ்வீட்டுச் சிறுமி அறியாமல் பேசினாள். சபையோ வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது.

ஆயினும் தேவன் அந்த மறுப்போடு கதையை முடிக்கவில்லை. 1904இல், மணமாகி மேரி பெத்யூன் ஆகியிருந்த அவர், புளோரிடாவின் டேட்டோனாவில் ஒன்றரை டாலரோடும் 5 சிறுமிகளோடும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பழைய பெட்டிகளே மேசைகள். கரித்துண்டுகளே எழுதுகோல்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் விற்றுப் பணம் திரட்டினார். அதுவே இன்று பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம்.

பிரியமானவர்களே, வயதுக்கு வந்துவிட்டாள், இனி எதற்குப் படிப்பு என்று சொல்லும்போது, நாமும் ஒரு பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தைக் கீழே வைக்கச் சொல்லுகிறோம். நம் சபையில் அப்படி நின்றுபோன படிப்பு எத்தனை? அந்தத் தையற்காரப் பெண்மணி உலகத்துப் பிள்ளைகள் எல்லாரையும் படிக்கவைக்கவில்லை. ஒரே ஒருத்தியைப் படிக்கவைத்தார். அது நம்மாலும் கூடும்.

ஆண்டவரே, நீர் திறந்த வாசலை நாங்கள் அடைக்காதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.