மதுரை – கொல்லம் பெருவழி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்வோர், வழியோரத்தே ஆங்காங்கு சிதைந்து நிற்கும் கல்மண்டபங்களைக் கண்டிருப்பர். ஆண்டாள் கோயிலில் உச்சிக்கால வழிபாடு நிறைவுற்ற செய்தியை முரசொலியால் மண்டபத்துக்கு மண்டபம் கடத்தி, மதுரையிலிருந்த திருமலை நாயக்கருக்கு (1623–1659) எட்டச் செய்யவே அவை எழுந்தன என்பது செவிவழிச் செய்தி. கதை எவ்வாறாயினும், ஓசை எட்டும் தொலைவைக் கொண்டு ஒரு வழியை அளந்து பகுத்த எண்ணம் நம் சிந்தைக்கு உரியதாகும். வழியை அளக்கத் தொடங்குமிடத்தில்தான் சாலைக் கலை தொடங்குகிறது.

அளந்ததைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் ஊர் 29 காதம் என்று எழுத்திலும் கூறுகிறது. எழுத்தறியாத வண்டிக்காரனும் எண்ணிக்கொள்ளும்படி, பத்துக்கொன்றாக இரு பெருங்குழிகளும் ஒன்றுக்கொன்றாக ஒன்பது சிறு குழிகளும் வெட்டிக் காட்டுகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர், உமையாக் கலீஃபா அப்துல் மலிக் (685–705) ஷாம் நாட்டு வழிகளைச் செப்பனிட்டு, மைற்கற்களை அரபியிலே பொறித்து நாட்டினார். ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் குளங்களும் அமைத்தமை நாமெல்லாம் அறிந்ததே. நம் தென்பாண்டி நாட்டில் அத்தகைய புகழ் இராணி மங்கம்மாளுக்கு உரியது. நிழல்மரமும் சத்திரமும் உடைய பழஞ்சாலைகளை இன்றும் மக்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

வழியின் அகலத்தில் மக்கள் பிணங்கினால் ஏழு முழம் விடுக என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணும் தீர்ப்பு. ஏழு முழமாவது ஏறத்தாழ மூன்றேகால் முதல் மூன்றரை மீட்டர். இந்தியச் சாலைகள் பேரவை இன்று ஒரு தடத்துக்கு வகுத்துள்ள அகலமும் 3.5 மீட்டர்! சுமையேற்றிய ஒட்டகமாயினும் லாரியாயினும், செல்லும் ஊர்தியே வழியின் அகலத்தை முடிவு செய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் தேரோடும் வீதிகளை நோக்குக. ஆடிப்பூரத்துப் பெருந்தேர் திரும்பும் அளவுக்கு அவற்றின் முனைகள் விடப்பட்டுள்ளன. அவ்வீதிகளை வகுத்தோர்க்குத் தேரே அளவுகோல்.

அகலத்தினும் அரியது அடித்தளம். ஸ்காத்லாந்து நாட்டவரான மக்காடம் (1756–1836) கண்ட உண்மை எளியது: சுமையைத் தாங்குவது கல்லன்று, கல்லின் கீழுள்ள மண், மண் உலர்ந்திருக்கும்வரை சாலை நிற்கும். ஆதலின் அவர் சிறு ஜல்லியை இறுகப் பரப்பி, நடுவை உயர்த்தி, இருபுறமும் வாட்டம் கொடுத்து, மழைநீரை ஓரத்து ஓடைக்குத் தள்ளினார். தார் பின்னர் வந்த போர்வை. இன்றைய தார்ச்சாலைக்கும் நூற்றுக்கு 2 அல்லது 2.5 அளவு வாட்டம் வேண்டும். வளைவுகளில் வெளிவிளிம்பை உயர்த்தாவிடின் விரையும் வண்டி வெளியே எறியப்படும். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் வருபவன் இடரைக் கண்டு தடையை மிதிக்குமுன், இரண்டரை நொடியில் 55 மீட்டர் கடந்துவிடுவான். நிற்பதற்குள் 120 மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும்படி சாலை அமைய வேண்டும். புளியமரத்தை வெட்டுவதா என்று ஊரார் வழக்காடும்போது இக்கணக்கையும் உடன்வைத்துப் பேசுதல் நன்று.

நம் நாட்டில் முறையான திட்டம் ஜெயகர் குழுவின் (1927–28) அறிக்கையால் பிறந்தது. பெட்ரோல் மீது வரி விதித்துச் சாலை நிதி 1929இல் அமைந்தது. இந்தியச் சாலைகள் பேரவை 1934இல் தோன்றியது. 1943இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் சாலைகளைத் தேசம், மாகாணம், மாவட்டம், கிராமம் என வகைப்படுத்தினர். செழித்த வேளாண் பகுதியில் எச்சிற்றூரும் முதன்மைச் சாலைக்கு ஐந்து மைலுக்கு அப்பால் இருத்தலாகாது என்பது அவர்கள் குறிக்கோள்.

அவ்வகைப்பாட்டில்தான் திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கணவாய் ஏறிக் கொல்லம் சேரும் நம் பெருவழி தேசிய நெடுஞ்சாலை 208 ஆயிற்று. 2010இல் எண் மாற்றப்பட்டு 744 ஆனது. இராஜபாளையத்துப் பஞ்சாலைகளுக்கும் கேரளச் சந்தைக்கும் இதுவே உயிர்நாடி. அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் பதினாறு மடங்காகும் என்பது 1958–60இல் அமெரிக்காவில் நடந்த சோதனை கண்ட பாடம். அளவுக்கு மீறி ஏற்றிய லாரியொன்று ஊர்ச் சாலையை எத்துணை தின்னும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்க.

திருமங்கலம் முதல் இராஜபாளையம் வரை நான்குவழியாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டபோதும், அதனைச் செங்கோட்டை வரை நீட்ட வழி குறித்தபோதும், நன்செய் இழக்கும் உழவர்களின் குரல் எழுந்தது. ஊருக்குள் நெரிசல் தீரப் புறவழிச்சாலை வேண்டும். அப்புறவழி செல்லுமிடமோ வயலும் தென்னந்தோப்பும். இரு தரப்பிலும் நியாயமுண்டு. எனினும் நிலத்துக்கு விலையளிப்பதோடு வழக்குத் தீர்ந்ததெனக் கருதுவோர், நீரின் வழியை மறந்துவிடுகின்றனர் என்பதே நம் கருத்து. இப்பெருவழி மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டித் தென்மேற்காக ஓடுகிறது. மலையோடைகள் யாவும் இதனைக் குறுக்கே வெட்டிக் கிழக்கே கண்மாய்களுக்குச் செல்வன. உயர்த்தி இடப்படும் புதுச்சாலை மேற்கே வெள்ளத்தைத் தேக்கும் கரையாகவும், கிழக்கே கண்மாயை வறளச் செய்யும் தடையாகவும் ஆகிவிடக் கூடும். சிறுபாலம் ஒவ்வொன்றின் இடமும் அகலமும், வேனிலில் வரைந்த படத்தைக் கொண்டு மட்டுமன்றி, ஐப்பசி கார்த்திகைப் பெருமழையில் ஓடை எங்குப் புரண்டது என்பதை அறிந்த உழவரையும் கேட்டு முடிவாதல் வேண்டும்; கற்களை நட்ட பின்னர்க் கேட்பதில் பயனில்லை.