தேநீரின் துவர்ப்பு: ஒரு பழைய எச்சரிக்கையின் வரலாறு

இந்தியர் தேநீருக்குப் பழகியது தானாக நிகழ்ந்ததன்று. ஏற்றுமதியாகும் தேயிலை மீது 1903ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தீர்வையின் வருவாய், தேயிலை விளம்பரத்துக்கென ஒதுக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அயல்நாட்டுச் சந்தை சுருங்கவே, அவ்விளம்பரம் இந்தியர் பக்கம் வேகமாகத் திரும்பியது. இரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் தேநீர் இலவசமாகவே வழங்கப்பட்டது.

எதிர்க்குரலும் எழுந்தது. வங்க வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் தேநீரை நஞ்சென்றே சாடினார். ஊட்டமற்ற ஏழை, உணவுக்கு மாற்றாகத் தேநீரை நாடுவது அவரது கவலை. 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் குறித்து எழுதிய காந்தி, குற்றத்தைத் துவர்ப்புப் பொருளான டானினிடம் கண்டார். தோலைப் பதனிட்டு இறுக்கும் அப்பொருள் வயிற்றின் உட்சவ்வையும் அவ்வாறே இறுக்கிச் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. வடிகட்டியிலுள்ள இலைமீது கொதிநீரை ஊற்றி, வைக்கோல் நிறத்தில் இறக்குவதே தீங்கற்ற முறை என்றும் அவர் கருதினார்.

தோல் உவமையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. ஆயினும் டானின் மீதான ஐயம் வேறு வழியில் உறுதிப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்து வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தப்பெற்று 1975இல் வெளியான ஆய்வு, உணவோடு தேநீர் அருந்தினால் உடல் உறிஞ்சும் இரும்புச்சத்து வெகுவாகக் குறைவதைக் காட்டியது. டானின், தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்போடு பிணைந்து அதைக் கரையாததாக்குகிறது. இறைச்சியிலுள்ள ஹீம் வகை இரும்பு அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. ஆகவே, ஒரே கோப்பைத் தேநீர் எல்லோருக்கும் ஒரே அளவு கேடு செய்வதில்லை; தாவர உணவை மட்டுமே நம்பியிருப்போருக்கே இழப்பு மிகுதி.

ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21), இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இதற்குக் காரணங்கள் பல. தேநீரை மட்டும் பழிப்பது பொருந்தாது. எனினும், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீரைத் தவிர்க்குமாறு 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவுறுத்தியது இந்நிலையில் கருதத்தக்கது.

ஆனால், அவ்வறிவுரை வேளை தவறாமல் உண்போருக்கே பயன்படும். காலை உணவே ஒரு குவளைத் தேநீராகிவிட்ட உழைக்கும் பெண் எந்த உணவிலிருந்து அதைத் தள்ளிவைப்பாள்? ராயின் வேதியியலைக் காட்டிலும் அவர் எழுப்பிய பசி குறித்த வினாவே இன்றும் விடை வேண்டி நிற்கிறது.